மின்னணுப் பொருள்களின் வரிசை எண்: தடமறிதல் முறையும் சட்ட விதிகளும் - ஒரு விளக்கம்

உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டில் காவலர் ஒருவரின் கைபேசி, பழுதுநீக்கிய பிறகும் சரிவர இயங்காததால் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவு அதன் ஐஎம்இஐ எண்ணைச் சோதித்தபோது, அதே எண்ணில் நாட்டின் பல மாநிலங்களில் 13,500-க்கும் மேற்பட்ட கைபேசிகள் இயங்கிவருவது தெரியவந்தது. இது தொடர்பாக 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. உலகில் ஒரேயொரு கருவிக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டிய எண், ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகைக்கு இணையான எண்ணிக்கையில் பகிரப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று குற்றத்திற்குப் பயன்பட்டிருந்தால், குற்றவாளியின் கைபேசியையும் குற்றமற்றவரின் கைபேசியையும் அந்த எண்ணைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது.

மின்னணுப் பொருளின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் எண்களை நுகர்வோரில் பெரும்பாலோர் படிப்பதில்லை. உத்தரவாதக் காலத்தில் பழுது ஏற்பட்டால் மட்டுமே அவை நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு கருவி எங்கே, எப்போது, எந்த உதிரிபாகங்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டது, எந்தச் சோதனைகளில் தேறியது, யாரிடம் விற்கப்பட்டது என்பவற்றையெல்லாம் பின்னோக்கிச் சென்று கண்டறிய உதவுபவை அந்த எண்களே. இவ்வாறு கண்டறியும் முறை 'தடமறிதல்' எனப்படுகிறது. தீப்பிடிக்கும் மின்கலன்களைத் திரும்பப் பெறுதல், போலிப் பொருள்களைத் தடுத்தல், திருட்டுக் கைபேசிகளை முடக்குதல், இழப்பீடு கோரும் வழக்குகளில் பொறுப்பை நிறுவுதல் ஆகிய அனைத்தும் இதனைச் சார்ந்தே நடைபெறுகின்றன.

ஐந்து எண்கள், ஐந்து பணிகள்

ஒரு மின்னணுப் பொருளின் மீதோ அதன் பெட்டியின் மீதோ காணப்படும் எண்கள் அனைத்தும் ஒரே பணியைச் செய்வதில்லை. மாடல் எண் என்பது வடிவமைப்பைக் குறிப்பது. ஒரே மாடல் எண் பல லட்சம் கருவிகளில் இருக்கும். தொகுதி எண் என்பது ஒரே காலத்தில், ஒரே மூலப்பொருளைக் கொண்டு தயாரிக்கப்பட்ட ஒரு கூட்டத்தைக் குறிப்பது. மின்விளக்கு, சார்ஜர், மின்கலன் போன்ற விலை குறைந்த பொருள்களில் பெரும்பாலும் இவ்வெண்ணே இருக்கும்.

வரிசை எண் தனியொரு கருவிக்கு மட்டும் உரியது. ஒரே நாளில், ஒரே இயந்திரத்திலிருந்து அடுத்தடுத்து வெளிவந்த இரு மடிக்கணினிகளுக்கும் வெவ்வேறு வரிசை எண்களே இருக்கும். இதனை உற்பத்தியாளரே வகுத்துக்கொள்கிறார். தொழிற்சாலைக் குறியீடு, தயாரிப்பு ஆண்டு, வாரம், அன்றைய உற்பத்தியில் அக்கருவியின் இடம் ஆகியவற்றை இணைத்து எண்ணை அமைப்பது பரவலான வழக்கம். போலி எண்களை ஊகித்து உருவாக்குவதைத் தடுப்பதற்காகச் சில நிறுவனங்கள் பொருள் வெளிப்படாத எழுத்துக் கோவையையும் பயன்படுத்துகின்றன.

நான்காவது, இந்திய தர நிர்ணய அமைவனம் வழங்கும் பதிவு எண். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கி எட்டு இலக்கங்களைக் கொண்ட இந்த எண், பொருளுக்குரிய இந்தியத் தர நிர்ணயத்தின் எண்ணுடன் சேர்த்து அச்சிடப்படுகிறது. ஐந்தாவது, கைபேசி வலையமைப்பில் இணையும் கருவிகளுக்கு மட்டும் உரிய ஐஎம்இஐ எண்.

இவற்றுள் பதிவு எண்ணுக்கும் வரிசை எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு முதன்மையானது. பதிவு எண், அப்பொருள் எந்தத் தொழிற்சாலையில், எந்தத் தர நிர்ணயத்தின்படி தயாரிக்கப்பட்டது என்று சொல்லும். கையிலிருக்கும் அந்த ஒரு கருவியைப் பற்றி எதுவும் சொல்லாது. வரிசை எண் அந்தக் கருவியைச் சுட்டும். ஆனால் அது பாதுகாப்பானது என்பதற்குத் தானே சான்றாகாது. இரண்டும் இணையும்போதுதான் தடமறிதல் முழுமை பெறுகிறது.

தொழிற்சாலையில் தொடங்கும் பதிவு

வரிசை எண் என்பது தயாரிப்பு முடிந்தபின் ஒட்டப்படும் சீட்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நவீன மின்னணுத் தொழிற்சாலைகளில் அந்தப் பணி உற்பத்தியின் முதற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. உதிரிபாகங்கள் பொருத்தப்படுவதற்கு முன்பே, வெறும் மின்சுற்றுப் பலகையின் மீது லேசர் கொண்டு சில மில்லிமீட்டர் அளவுள்ள சதுரக் குறியீடு பொறிக்கப்படுகிறது. பலகை ஒவ்வொரு இயந்திரத்திற்குள் நுழையும்போதும் அக்குறியீடு கருவிகளால் படிக்கப்படுகிறது.

எந்தச் சுருளிலிருந்து எந்தச் சில்லு எடுத்துப் பொருத்தப்பட்டது, பற்றவைப்பு உலையின் வெப்பநிலை எவ்வளவு, ஒளிப்படச் சோதனையில் குறை காணப்பட்டதா, குறை நீக்கப்பட்டதா, இறுதி மின்சோதனையில் கிடைத்த அளவுகள் யாவை என்பன அக்குறியீட்டின் பெயரில் கணினியில் சேமிக்கப்படுகின்றன. பின்னர் அந்தப் பலகை, மின்கலன், திரை, உறை ஆகியவற்றின் தனித்தனி எண்கள் கருவியின் வரிசை எண்ணுடன் பிணைக்கப்படுகின்றன. கருவியின் எண் பெட்டியின் எண்ணுடனும், பெட்டியின் எண் அனுப்புகைச் சீட்டுடனும் இணைக்கப்படுகின்றன.

இந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்தால், ஒரு மின்கலன் வழங்குநரின் குறிப்பிட்ட ஒரு வாரத் தயாரிப்பில் குறை இருப்பது தெரியவந்தால், அம்மின்கலன்கள் எந்தெந்தக் கருவிகளில் உள்ளன என்ற பட்டியலை விரைவில் எடுத்துவிடலாம். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும், பாதிக்கப்பட்ட சில ஆயிரம் கருவிகளைக் கண்டறிய இயலாமல் பல லட்சம் கருவிகளைத் திரும்ப அழைக்க நேரிடும். அல்லது எதையும் அழைக்காமல் விட்டுவிட நேரிடும். இரண்டாவது நிலையே ஆபத்தானது.

அழியாத எழுத்துக்கும் ஒரு சோதனை

எண் இருந்தால் மட்டும் போதாது. கருவியின் ஆயுட்காலம் முழுவதும் அதைப் படிக்க முடிய வேண்டும். தகவல் தொழில்நுட்பக் கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஎஸ் 13252 பகுதி 1 தர நிர்ணயம், பாதுகாப்பு சார்ந்த குறியீடுகளின் நீடிப்புத் தன்மைக்கென ஒரு சோதனையை வகுத்துள்ளது. நீரில் நனைத்த துணியால் 15 விநாடிகளும், பெட்ரோலிய கரைப்பானில் நனைத்த துணியால் மேலும் 15 விநாடிகளும் கையால் தேய்க்கப்படும். அதன் பின்னரும் எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒட்டப்பட்ட சீட்டு எளிதில் உரிந்துவிடவோ, அதன் ஓரங்கள் சுருண்டுகொள்ளவோ கூடாது.

உற்பத்தியாளரின் பெயர் அல்லது வணிகக்குறி, மாடல் எண், மின்னழுத்தம், மின்னோட்டம் முதலியவை இவ்வாறு நிலைத்திருக்க வேண்டிய தகவல்களாகும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இந்தியச் சூழலில் மலிவான காகிதச் சீட்டுகள் ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடுவது இயல்பு. ஆகவே நெகிழிச் சீட்டு, லேசர் பொறிப்பு, உலோகத் தகடு ஆகியவை பொருளின் தன்மைக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. திரையுள்ள கைபேசி போன்ற கருவிகளில் ஒழுங்குமுறைக் குறியீடுகளை மின்னணு முறையில் காட்டவும் வழி உண்டு. கைபேசியின் அமைப்புகள் பகுதியில் காணப்படும் ஒழுங்குமுறைத் தகவல் பக்கம் இத்தகையதே.

கட்டாயப் பதிவு முறை

இந்தியாவில் மின்னணுப் பொருள்களின் பாதுகாப்பைச் சட்டப்படி கட்டாயமாக்கிய முதன்மையான நடவடிக்கை 2012-ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை அவ்வாண்டு அக்டோபர் மாதம் அறிவிக்கை செய்யப்பட்டு, 2013 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. மடிக்கணினி, கைக்கணினி, தொலைக்காட்சிப் பெட்டி, அச்சுப்பொறி, மைக்ரோவேவ் அடுப்பு உள்ளிட்ட 15 வகைப் பொருள்கள் முதற்கட்டத்தில் இடம்பெற்றன. கைபேசி, பவர் பேங்க், அடாப்டர், எல்இடி விளக்கு போன்றவை 2014-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. அதன் பிறகும் பட்டியல் விரிவடைந்தே வந்துள்ளது. தற்போது 2021-ஆம் ஆண்டின் ஆணை நடைமுறையில் உள்ளது.

இம்முறையின்படி உற்பத்தியாளர், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பொருளைச் சோதித்து, அறிக்கையுடன் விண்ணப்பித்துப் பதிவு எண் பெற வேண்டும். தொழிற்சாலை மாறினால் தனிப் பதிவு. பொருளின் வகை மாறினால் தனிப் பதிவு. வணிகப் பெயர் மாறினாலும் தனிப் பதிவு. வெளிநாட்டு உற்பத்தியாளராயின், சட்டப்படி பதிலளிக்கக் கடமைப்பட்ட இந்தியப் பிரதிநிதி ஒருவரை நியமிக்க வேண்டும். விற்பனைச் சந்தையிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டு மீண்டும் சோதிக்கப்படுவதும் உண்டு.

பதிவு எண் தொழிற்சாலை வாரியாக வழங்கப்படுவது தடமறிதலின் அடிப்படையில்தான். ஒரே வணிகப் பெயரில் மூன்று தொழிற்சாலைகள் சார்ஜர் தயாரிக்கின்றன எனில், குறை எந்தத் தொழிற்சாலையினுடையது என்பதைப் பதிவு எண்ணே காட்டிவிடும். பதிவு பெறாத பொருள்களை இறக்குமதி செய்ய இயலாது. சுங்கத்தில் தடுக்கப்படும் அவை திருப்பி அனுப்பப்பட வேண்டும் அல்லது பயன்படுத்த இயலாதவாறு சிதைக்கப்பட வேண்டும்.

இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டம் 2016, கட்டாயக் குறியீடு இல்லாத பொருளைத் தயாரிப்பதையும், இறக்குமதி செய்வதையும், விற்பதையும், விற்பனைக்காக வைத்திருப்பதையும் தடை செய்கிறது. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை அல்லது முதல் முறைக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாயும், அடுத்தடுத்த முறைகளுக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாயும் அபராதம் என்று அச்சட்டம் வகுத்தது. அபராதம் பொருள்களின் மதிப்பைப் போல் பத்து மடங்கு வரை செல்லலாம். தர நிர்ணயத்திற்கு ஒவ்வாத பொருள்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரமும் அமைவனத்திற்கு அளிக்கப்பட்டுள்ளது.

கண்காணிப்புக் கேமராக்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதலான நிபந்தனைகள் உள்ளன. 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2025 ஏப்ரல் முதல் செயலுக்கு வந்த விதிகள், மின் பாதுகாப்புடன் இணையப் பாதுகாப்பையும் பதிவுக்கு உரிய நிபந்தனையாக்கின. கருவியின் முதன்மையான சில்லுகள் எங்கிருந்து வந்தன என்ற விவரத்தை உற்பத்தியாளர் ஆவணப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உதிரிபாகத்தின் பிறப்பிடம் வரை தடமறிதல் நீண்டுள்ளதற்கு இது எடுத்துக்காட்டு.

ஐஎம்இஐ: 15 இலக்கங்களின் கதை

ஐஎம்இஐ எண் 15 இலக்கங்கள் கொண்டது. முதல் எட்டு இலக்கங்கள் கருவியின் நிறுவனத்தையும் மாடலையும் குறிக்கும். உலகக் கைபேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ இதனை ஒதுக்குகிறது. அடுத்த ஆறு இலக்கங்கள் அக்கருவியின் வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். முதல் 14 இலக்கங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, கிடைக்கும் இலக்கங்கள் அனைத்தையும் கூட்டி, மொத்தம் பத்தின் மடங்காக வருவதற்கு எவ்வளவு தேவையோ அதுவே 15-ஆவது இலக்கமாக அமையும். எண்ணைத் தட்டச்சு செய்கையில் ஒரு இலக்கம் தவறினாலும் கணினி கண்டுகொள்வதற்கான ஏற்பாடு இது. ஆனால் சரியான எண்ணை அப்படியே நகலெடுத்தால் இந்தக் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது. மீரட்டில் வெளிப்பட்ட குறைபாடு அதுவே.

முறையான ஐஎம்இஐ எண் இல்லாத கைபேசிகளின் சேவை 2009-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியுடன் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவதைத் தடுக்கும் விதிகள் 2017-இல் அறிவிக்கப்பட்டன. அவற்றில் 2022 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு கைபேசியின் எண்ணும் முதல் விற்பனைக்கு முன்பே அரசின் இணையதளத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். இறக்குமதியாகும் கைபேசிகளுக்கும் இது பொருந்தும். இந்நடைமுறை 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பின்னர் இவ்விதிகளின் இடத்தில் 2024-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் வந்தன. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன்படி, தொலைத்தொடர்பு அடையாள எண்களைத் திருத்துவது மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுக்கும் உரிய குற்றமாகும்.

தொலைந்த அல்லது களவுபோன கைபேசியை முடக்குவதற்கான மத்தியக் கருவி அடையாளப் பதிவேடு 2019-இல் சில மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் தொடங்கப்பட்டு, 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' இணையதளம் வாயிலாக நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலுடன் இத்தளத்தில் விண்ணப்பித்தால், அனைத்து நிறுவனங்களின் வலையமைப்பிலும் அக்கருவி முடக்கப்படும். யாரேனும் வேறு சிம் அட்டையைப் பொருத்தி அதனைப் பயன்படுத்த முயன்றால், அத்தகவல் காவல் துறைக்குச் செல்லும். ஐஎம்இஐ எண்ணை அறியாதவரால் இந்த வசதியைப் பயன்படுத்த இயலாது என்பது குறிப்பிடத்தக்கது.

எண்கள் உயிர் காத்த நிகழ்வுகள்

தடமறிதலின் பயனையும் அதன் எல்லையையும் ஒருசேர உணர்த்தியது 2016-ஆம் ஆண்டின் சாம்சங் கேலக்ஸி நோட் 7 விவகாரம். மின்கலன்கள் தீப்பிடித்ததால் அவ்வாண்டு செப்டம்பரில் சுமார் 25 லட்சம் கைபேசிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானது. ஐஎம்இஐ எண்ணை உள்ளிட்டுத் தம் கருவி பாதிப்புக்குரியதா என்று பயனர்கள் அறிய வழி செய்யப்பட்டது. மாற்றாக வழங்கப்பட்ட கருவிகளை அடையாளம் காண்பதற்குப் பெட்டியின் சீட்டில் கறுப்புச் சதுரமும், திரையில் பச்சை நிற மின்கலன் சின்னமும் இடம்பெற்றன. ஆயினும் மாற்றுக் கருவிகளும் தீப்பிடித்ததால் அக்டோபரில் அந்த மாடலே கைவிடப்பட்டது. இரு வழங்குநர்களின் மின்கலன்களிலும் வெவ்வேறு வகையான குறைகள் இருந்ததாக 2017 ஜனவரியில் வெளியான ஆய்வு முடிவு தெரிவித்தது. எந்தக் கருவியில் யாருடைய மின்கலன் இருந்தது என்ற பதிவு இருந்ததாலேயே இரு குறைகளையும் தனித்தனியாகப் பிரித்தறிய முடிந்தது. குறையின் காரணத்தைச் சரியாக அறியாத நிலையில், குறைபாடுள்ளவற்றைப் பிரிக்கும் அடையாளம் மட்டும் போதாது என்பதும் தெளிவானது.

இந்தியப் பயணிகளை நேரடியாகத் தொட்ட நிகழ்வு 2019-இல் நடைபெற்றது. பெரும்பாலும் 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை விற்பனையான 15 அங்குல மேக்புக் ப்ரோ மடிக்கணினிகளில் ஒரு பகுதியின் மின்கலன்கள் அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என ஆப்பிள் நிறுவனம் அவ்வாண்டு ஜூனில் அறிவித்தது. மின்கலன் மாற்றப்படாத அல்லது பாதுகாப்பானது என உறுதிசெய்யப்படாத அத்தகைய கணினிகளை விமானத்தில் எடுத்துச்செல்ல வேண்டாம் என்று இந்திய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆகஸ்ட் மாதம் கேட்டுக்கொண்டது. பாதிக்கப்பட்ட கணினிக்கும் பாதிக்கப்படாத கணினிக்கும் தோற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லை. அவற்றைப் பிரித்துக்காட்டியது வரிசை எண் ஒன்றே.

பொறுப்பு யாருடையது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறைபாடுள்ள பொருளால் ஏற்படும் தீங்கிற்கு உற்பத்தியாளர், விற்பனையாளர், சேவை வழங்குநர் ஆகியோரின் பொறுப்பைத் தனி அத்தியாயமாக வகுத்துள்ளது. இதில் சில்லறை வணிகர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் விதி ஒன்று உண்டு. விற்கப்பட்ட பொருளின் உற்பத்தியாளர் யார் என்று தெரியாவிட்டாலோ, தெரிந்தும் அவருக்கு அறிவிப்பு அனுப்ப இயலாவிட்டாலோ, விற்றவரே பொறுப்பேற்க நேரிடும். பெயரும் பதிவு எண்ணும் இல்லாத சார்ஜரை விற்கும் சிறு கடைக்காரர், அதைத் தயாரித்தவரின் பொறுப்பையும் தம் தோளில் ஏற்றிக்கொள்கிறார் என்பதே இதன் பொருள். அவரைப் பொறுத்தவரை தடமறிதல் என்பது அரசு விதித்த சுமை மட்டுமன்று, தற்காப்பும்கூட.

அதே சட்டத்தின்கீழ் 2020-இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்குப் பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் உள்ளது. கட்டாயத் தர நிர்ணயத்திற்கு இணங்காத 2,265 பிரஷர் குக்கர்களை விற்றதற்காக மின்வணிக நிறுவனம் ஒன்றுக்கு 2022 ஆகஸ்டில் ஆணையம் அபராதம் விதித்தது. அவற்றை வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரிவித்து, பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தை வழங்கவும் உத்தரவிட்டது. யார் வாங்கினார் என்ற பதிவு இருந்ததால் அந்த உத்தரவு செயல்படுத்தக்கூடியதாயிற்று. வரிசை எண் குறிக்கப்படாத ரசீதுடன், அல்லது ரசீதே இல்லாமல் விற்கப்படும் பொருளுக்கு இத்தகைய வழி இல்லை.

சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகள் 2011, உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரிப்பு நாடு, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிப்பதற்கான தொடர்பு விவரம் ஆகியவற்றைப் பொதியில் அச்சிட வேண்டும் என்கின்றன. மின்னணுப் பொருள்களுக்கு மட்டும் இவற்றுள் சில விவரங்களை க்யூஆர் குறியீட்டின் வழியாகத் தர 2022 ஜூலையில் அனுமதி அளிக்கப்பட்டது. எனினும் நுகர்வோர் சேவைத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் பொதியிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தொடர்ந்தது.

ஆயுள் முடிந்த பின்னும்

கருவியின் அடையாளம் அது குப்பைக்குச் செல்லும்போதும் தேவைப்படுகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, உற்பத்தியாளர் சந்தையில் விட்ட பொருள்களின் எடையையும் அவற்றின் சராசரி ஆயுளையும் கொண்டு மறுசுழற்சி இலக்கை நிர்ணயிக்கின்றன. இந்த இலக்கு 2023-24, 2024-25 ஆண்டுகளில் 60 சதவீதமாகவும், அடுத்த இரு ஆண்டுகளில் 70 சதவீதமாகவும், 2027-28 முதல் 80 சதவீதமாகவும் வகுக்கப்பட்டுள்ளது. ஈயம், பாதரசம் போன்ற நச்சுப்பொருள்கள் ஒரே தன்மையுள்ள மூலப்பொருளின் எடையில் 0.1 சதவீதத்தையும், காட்மியம் 0.01 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஒரு மாதிரியில் இவ்வரம்பு மீறப்பட்டது தெரிந்தால், குறிப்பிட்ட பற்றவைப்புப் பொருள் எந்தத் தொகுதிகளில் பயன்பட்டது என்பதைத் தடமறிதல் பதிவேடுகளே காட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அடுத்த கட்டத்திற்குச் செல்கிறது. மின்வாகனங்களின் மின்கலன்கள் உள்ளிட்ட சில வகை மின்கலன்களுக்கு 2027 பிப்ரவரி முதல் மின்னணுக் கடவுச்சீட்டு கட்டாயமாகிறது. மூலப்பொருள் முதல் மறுசுழற்சி வரையிலான விவரங்களை க்யூஆர் குறியீட்டின் வழியே அதில் காணலாம். அங்கு விற்கப்படும் வானொலி அலைக் கருவிகளில் மாடல், தொகுதி அல்லது வரிசை எண் இருக்க வேண்டும் என்பதும், தொழில்நுட்ப ஆவணங்கள் பத்து ஆண்டுகள் பேணப்பட வேண்டும் என்பதும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ள விதிகள். ஸ்ரீபெரும்புதூர், நொய்டா போன்ற மையங்களிலிருந்து ஏற்றுமதியாகும் கருவிகளின் உற்பத்தியாளர்கள் இந்திய விதிகளுடன் இறக்குமதி நாட்டின் விதிகளையும் நிறைவு செய்ய வேண்டியுள்ளது.

இடைவெளிகளும் கவலைகளும்

இந்திய நுகர்வோருக்குத் தனி அடையாள எண் புதியதன்று. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எழுத்தெண் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகைகளை விற்க இயலாது. 2023 ஆகஸ்ட் முதல் தயாராகும் 300 முன்னணி மருந்துப் பெயர்களின் பொதிகளில் க்யூஆர் அல்லது பார்கோடு குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மின்னணுத் துறையில் கைபேசிக்கு மட்டுமே ஒவ்வொரு கருவியையும் அரசின் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உள்ளது. பவர் பேங்க், சார்ஜர், எல்இடி விளக்கு போன்றவற்றில் பதிவு எண்ணை மட்டுமே சரிபார்க்க முடியும். வேறொருவருடைய பதிவு எண்ணைப் போலிப் பொருளில் அச்சிட்டால், எண் செல்லுபடியாகும் என்றே விடை கிடைக்கும். அதனுடன் காட்டப்படும் நிறுவனத்தின் பெயரையும் பொருளின் வகையையும் ஒப்பிட்டால்தான் மோசடி புலப்படும்.

சிறு உற்பத்தியாளர்களுக்கு லேசர் பொறிப்பு இயந்திரமும் உற்பத்திக் கண்காணிப்பு மென்பொருளும் எளிதில் எட்டும் செலவல்ல. எனினும் தொகுதி எண், வாங்கிய உதிரிபாகங்களின் ரசீதுகள், சோதனைப் பதிவு, விற்பனைப் பதிவு ஆகிய நான்கையும் ஒரே பதிவேட்டில் இணைத்து எழுதுவதே தடமறிதலின் முதற்படியாகும்.

பழுதுநீக்குவோரின் நிலையும் கருதத்தக்கது. மின்சுற்றுப் பலகையை மாற்றும்போது உட்புற எண்ணுக்கும் வெளிப்புறச் சீட்டுக்கும் பொருத்தமில்லாமல் போகலாம். அதைச் சரிசெய்யும் பெயரில் எண்ணைத் திருத்துவது, நோக்கம் நல்லதாயினும், சட்டப்படி குற்றமாகிவிடும்.

மற்றொரு கவலை தனியுரிமை. கருவியின் எண் அதன் உரிமையாளரின் பெயருடன் இணையும்போது, அது பொருளைப் பற்றிய தகவலாக மட்டும் நின்றுவிடாமல் மனிதரைப் பற்றிய தகவலாகவும் மாறுகிறது. புதிய கைபேசிகளில் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்ற உத்தரவு எதிர்ப்புக்குள்ளாகி 2025 டிசம்பர் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது இந்தக் கவலையின் வெளிப்பாடே. திருட்டையும் போலியையும் தடுப்பதற்குத் தேவையான அளவு எது, அதற்கு மேற்பட்டது எது என்ற கேள்வி இன்னும் விவாதத்தில் உள்ளது.

நுகர்வோர் செய்யத்தக்கவை

மின்னணுப் பொருளை வாங்கும்போது அதன் மீதுள்ள பதிவு எண்ணை, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் உள்ளிட்டு உற்பத்தியாளரின் பெயர், வணிகப் பெயர், பொருளின் வகை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைபேசியில் *#06# என்று அழுத்தினால் தோன்றும் ஐஎம்இஐ எண்ணும், பெட்டியில் உள்ள எண்ணும், ரசீதில் எழுதப்படும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிம் அட்டைகளை ஏற்கும் கருவியில் இரண்டு எண்கள் இருக்கும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணையும் 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அக்கருவியின் நிறுவனமும் மாடலும் தெரியவரும். பழைய கைபேசி வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் இதனைச் செய்வது நல்லது. எண் முடக்கப்பட்டதாகவோ வேறொரு மாடலுக்கு உரியதாகவோ விடை வந்தால், அந்தக் கருவியை வாங்காமல் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

ரசீதில் வரிசை எண்ணைக் குறிப்பிடுமாறு கடைக்காரரிடம் கேட்பதும், சீட்டையும் ரசீதையும் ஒளிப்படம் எடுத்து வேறோர் இடத்தில் சேமிப்பதும் சில நிமிட வேலைகளே. கைபேசி களவுபோன பிறகு அதன் ஐஎம்இஐ எண்ணை அந்தக் கைபேசியிலிருந்தே பார்க்க இயலாது. தீயில் கருகிய சார்ஜரின் சீட்டிலிருந்து பதிவு எண்ணைப் படிக்கவும் இயலாது. இழப்பீடு கோரும் நாளில் நுகர்வோரின் கையில் எஞ்சியிருக்கும் சான்று, வாங்கிய நாளில் அவர் குறித்துவைத்த எண் மட்டுமே.